வழிநூலாக ஒரு கார்

குன்னூர் பெட்ஃபோர்டில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், ஒரு காரின் எலும்புக்கூடு நிற்கிறது. சதுர இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்த சட்டகம். இஞ்சினும் பின்அச்சும் பழைய பிரீமியர் பத்மினி ஒன்றிலிருந்து வந்தவை. இருக்கை இல்லை, மேல்தகடு இல்லை. 1957இல் காலின் சாப்மன் இங்கிலாந்தில் அறிமுகப்படுத்திய லோட்டஸ் செவன் என்னும் பந்தயக் காரின் நகல் அது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஆறாண்டுகளாக வேலை நின்றுவிட்டது. சென்ற வடகிழக்குப் பருவமழையில் கீழ்க்குழாய்களில் துரு ஏறியிருக்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பது நண்பரின் மகன் கருத்து. “வெறும் நகல்தானே அப்பா” என்று அவர் சொன்னதே இதை எழுதத் தூண்டியது.

தமிழ் படித்தவர்களுக்கு நகல் என்பது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடிய சொல்லன்று. முதல்நூல், வழிநூல் என்று பகுத்த தொல்காப்பிய மரபியல், வழிநூல் செய்வதற்கும் முறை வகுத்திருக்கிறது. குன்னூர்க்காரர்களுக்கு இன்னும் அருகிலேயே சான்று உண்டு. நம் மலை ரயிலின் பழைய நீராவி இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. அதே வகையைத் திருச்சி பொன்மலைப் பணிமனை பிற்காலத்தில் புதிதாகச் செய்தது. நிலக்கரியில் ஓடும் ஒன்று 2021இல் வெளிவந்தது. அதைப் போலி என்று எந்தப் பயணியும் இறங்கிவிடவில்லை. பத்மினியே ஃபியட் 1100இன் வழிநூல்தான்.

லோட்டஸ் செவனோ வழிநூலுக்கென்றே பிறந்த வண்டி. ஏறக்குறைய 500 கிலோ எடை, அலங்காரம் எதுவுமில்லை. முழுக் காருக்கு அக்கால பிரிட்டனில் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கினால் இல்லை. பூட்டும் முறையை எழுதித் தரக்கூடாது என்பதால் கழற்றும் முறையை அச்சிட்டுத் தந்தார்கள், வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். நம் உரையாசிரியர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள். 1996இல் ரான் சாம்பியனின் நூல் வந்தபின் வீட்டுக் கொட்டகைகளில் இதைக் கட்டுவது உலகெங்கும் பரவியது.

நண்பரை நிறுத்தியது பணமோ சோம்பலோ இல்லை. கட்டி முடித்தாலும் வண்டிக்குப் பதிவெண் கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி, தயாரிப்பாளர் தம் மாதிரி வண்டியைச் சோதனை நிறுவனத்தில் ஒப்படைத்துச் சான்று பெறவேண்டும் என்கிறது. லட்சம் வண்டி செய்யும் ஆலைக்கு ஏற்ற அளவுகோல் இது. ஒரே வண்டி செய்யும் முதியவர் அதன்முன் நிற்க முடியுமா?

மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் கண்டதெல்லாம் ஓடலாமா என்று கேட்பது நியாயமே. பேருந்துக்கு எதிரே பிரேக் பிடிக்காத வண்டி வருவதை நானும் விரும்பவில்லை. சோதனை கடுமையாகவே இருக்கட்டும். ஆனால் தனி வண்டிக்கென்று ஒரு சோதனை இருக்கட்டும். பிரிட்டனில் 1998 முதல் அத்தகைய ஏற்பாடு உண்டு.

நம்மிடம் கைத்திறன் இல்லாமலில்லை. மாருதி 800இன் இஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதியை உருவாக்கியவர் கோவையின் கரிவர்தன். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். பின்னாளில் ஃபார்முலா ஒன் வரை சென்ற நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வண்டியைத்தான். அவருக்காவது பந்தயத் தடம் இருந்தது. மலைமேல் இருக்கும் என் நண்பருக்குச் சாலைதான் உண்டு.

சென்ற ஞாயிறு இருவரும் கீழ்க்குழாய்களை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசினோம். மாலையில் மஞ்சு இறங்கியதால் இடப்பக்கம் மீதமிருக்கிறது.