பட்டமும் பத்திரிகைத் தொழிலும்

புதுச்சேரிக்கு வடக்கே காலாப்பட்டில் சர்வகலாசாலை இருக்கிறது. பத்திரிகை, ஒளிபரப்பு முதலிய மக்கள் தொடர்புக் கலைகள் அங்கே போதிக்கப்படுகின்றன. அதற்குத் தெற்கே, அதே கடற்கரையில், பொம்மையார்பாளையம் என்னும் மீனவர் கிராமம் உள்ளது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலில் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணல் அவற்றால் தடைப்பட்டது. வடபுறத்துக் குப்பங்களின் கரையைக் கடல் அரிக்கலாயிற்று. படகேற்றவும் வலை உலர்த்தவும் வேண்டிய மணல்வெளி குறைந்தது.

இவ்விஷயத்தைப் பாமரருக்கும் விளங்கும் தமிழில் இரண்டு பத்திகள் எழுத வல்லவரே இத்தொழிலுக்குத் தகுதியுடையவர் என்பது நமது அபிப்பிராயம். எம்மாதத்தில் கரை அதிகம் அரிக்கிறதென்று ஒரு வலைக்காரரிடம் கேட்கக் கூசுபவருக்குப் பட்டத்தால் ஆவதென்ன?

பாரதியார் 1904-ல் 'சுதேசமித்திர'னில் சேர்ந்தபோது ஆங்கிலச் செய்திகளையும் பிரசங்கங்களையும் தமிழாக்கும் வேலையே அவருக்குக் கிடைத்தது. மகாகவிக்கு இது அற்பமென நினைப்போர் உண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. நாள்தோறும் அவ்வாறு பழகிய பின்னரே 1906-ல் 'இந்தியா' அவர் கைக்கு வந்தது.

ஆகவே, கலாசாலைகள் கடைசி வருஷத்தில் ஆறு மாதமேனும் மாணாக்கரைத் தமிழ்ப் பத்திரிகாலயங்களுக்கு அனுப்ப வேண்டும். பத்திரிகாதிபதிகள் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கூலியின்றி வேலை வாங்குவதைப் பயிற்சி என்பது வெட்கக்கேடு. அவர்கள் எழுதியது அச்சேற வேண்டும். அதில் பிழை கண்டு வாசகர் எழுதும் கடிதமும் அவர்களிடமே கொடுக்கப்பட வேண்டும்.