உலகை அறிவோம்: விருந்தோம்பிய தீவு மால்ட்டா



உயர்கல்வியை நாடிக் கடல் கடந்து செல்லும் பிள்ளைகள் இன்று நம் குடும்பங்களில் பெருகி வருகின்றனர். நம் நாட்டு மாணவர் செல்லும் நாடுகளின் வரிசையில் அண்மைக் காலமாக மால்ட்டா என்னும் சிறு பெயரும் இடம்பெற்றுள்ளது. உலகப் படத்தில் ஒரு புள்ளியளவே தெரியும் இத்தீவைக் குறித்து நம்மில் பலர் அறியார். ஆயினும் திருவிவிலியத்தைக் கையில் எடுப்போர் அனைவரும் அதனை ஒருமுறையேனும் கடந்து சென்றிருப்பர். அங்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளுக்கும், அவர்களை வழியனுப்பும் பெற்றோருக்கும் பயன்படுமாறு இம்மாதம் இத்தீவையும் அதன் தலைநகரையும் அறிமுகம் செய்வோம்.

மத்தியதரைக் கடலின் நடுவே, இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில் மால்ட்டா அமைந்துள்ளது. மால்ட்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகளைச் சேர்த்தாலும் நாட்டின் மொத்தப் பரப்பு 316 சதுர கிலோமீட்டரே. மக்களோ ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆறு இல்லை, காடு இல்லை, உயர்ந்த மலையும் இல்லை. எங்கு நோக்கினும் தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லும் நீலக் கடலுமே காட்சி தரும். குடிக்கும் நீரில் பெரும்பகுதியைக் கடல்நீரின் உப்பைப் பிரித்தே இன்று பெறுகின்றனர்.

இத்துணைச் சிறிய நாட்டுக்கு நம் மறை வரலாற்றில் நிலைத்த இடம் வாய்த்தது எவ்வாறு? அப்போஸ்தலர் பணி நூலின் இறுதி இரு அதிகாரங்கள் இதற்கு விடை தருகின்றன. ஏறக்குறைய கி.பி. 60-ஆம் ஆண்டில் புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டார். பதினான்கு நாள் புயலில் அலைக்கழிக்கப்பட்ட கப்பல் இத்தீவின் கரையருகே உடைந்தது. அதில் இருந்த 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் உயிர் தப்பினர். வந்தவர் யார், எந்நாட்டவர், என்ன குற்றம் செய்தவர் என்று தீவினர் வினவவில்லை. மழையும் குளிருமாய் இருந்தமையால் முதலில் தீ மூட்டினர். அனைவரையும் அருகே அழைத்துக் குளிர் காயச் செய்தனர்.

அவ்விடத்தில் புனித லூக்காஸ் குறித்து வைத்துள்ள சிறு செய்தி ஒன்று நம் கருத்துக்குரியது. அத்தீக்குச் சுள்ளி பொறுக்கிக் கொண்டு வந்தவர்களுள் சின்னப்பரும் ஒருவர். கைதியாயினும், களைத்தவராயினும், அவர் வாளாவிருந்து குளிர் காயவில்லை. அவ்வாறு பொறுக்கிய சுள்ளிகளிடையே இருந்த விரியன் பாம்பு அவர் கையைப் பற்றியதும், அதனை அவர் தீயில் உதறியதும், அவருக்கு யாதொரு தீங்கும் நேராததும் நாம் அறிந்தவையே. தீவின் தலைவரான புப்ளியுஸ் அவர்களை மூன்று நாள் தம் இல்லத்தில் உபசரித்தார். காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் வருந்திய அவர் தந்தையைச் சின்னப்பர் செபித்துக் குணமாக்கினார். மூன்று மாதங்களுக்குப் பின் கப்பல் ஏறியபோது, பயணத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் தீவினரே கொடுத்தனுப்பினர். இந்நிகழ்ச்சியின் நினைவாக ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள் அங்குப் பெருவிழா எடுக்கப்படுகிறது.

மால்ட்டாவின் வரலாறு அத்துடன் தொடங்கியதன்று. எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்ட பெருங்கற்கோயில்கள் அங்கு உள்ளன. கோசோத் தீவின் ஜகந்தியாக் கோயில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது. பினீசியர், உரோமையர், அரபியர், நார்மானியர் எனப் பலர் ஒருவர் பின் ஒருவராக ஆண்டனர். இதனால் மக்களின் மொழி விந்தையானதாயிற்று. மால்ட்டிய மொழி அரபு மொழியின் வழித்தோன்றல். எழுதுவதோ உரோமன் எழுத்தில். இறைவனை அம்மக்கள் ‘அல்லா’ என்றே விளிக்கின்றனர். தவக்காலத்தை ‘ரந்தான்’ என்கின்றனர். கத்தோலிக்கத் திருப்பலியில் இச்சொல்லைக் கேட்கும் மாணவர் வியப்படைய வேண்டுவதில்லை. மொழி ஒருவரிடமிருந்தும் மறை மற்றொருவரிடமிருந்தும் பெற்ற மக்கள் அவர்கள். ஆங்கிலமும் அங்கு ஆட்சிமொழியாதலின், நம் மாணவருக்குக் கல்வியில் பேரிடர் இராது.

இனித் தலைநகருக்கு வருவோம். அதன் பெயர் வலெட்டா. எருசலேமில் நோயுற்ற திருப்பயணிகளுக்குப் பணிபுரியத் தோன்றி, பின்னர்ப் படைக்கலமும் தாங்கிய புனித அருளப்பர் சபையினருக்கு, 1530-இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இத்தீவை வழங்கினார். ஆண்டுக்கு ஒரு வல்லூறு என்பதே அவர் கேட்ட வாடகை. 1565 மே மாதம் துருக்கியப் பேரரசின் பெரும்படை தீவை முற்றுகையிட்டது. சபை வீரரும் மால்ட்டிய மக்களும் அதனைவிடப் பன்மடங்கு சிறிய தொகையினராய் நான்கு மாதம் எதிர்த்து நின்றனர். செப்டம்பர் 8-ஆம் நாள், மாதாவின் பிறப்பு விழாவன்று, முற்றுகை நீங்கிற்று. நாம் வேளாங்கண்ணியில் கொடியும் தேருமாய்க் கொண்டாடும் அதே நாளை மால்ட்டிய மக்கள் வெற்றி அன்னையின் நாளாகப் போற்றி வருகின்றனர்.

அழிவினின்று தப்பிய தீவைக் காக்க ஓர் அரண்நகர் வேண்டுமெனச் சபைத் தலைவர் லா வலெட் துணிந்தார். 1566 மார்ச் 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் பொருளுதவி செய்தார். இத்தாலியப் பொறியாளர் லாப்பரெல்லி நகரை வரைந்தார். மால்ட்டியரான ஜிரோலாமோ கஸார் அதனைக் கட்டி முடித்தார். வீதிகள் சதுரங்கக் கட்டம்போல் நேராக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். கடற்காற்று நகரெங்கும் உலவ இவ்வமைப்பு உதவுகிறது. ஒவ்வொரு வீட்டின் அடியிலும் மழைநீரைச் சேர்க்கும் தொட்டி இருத்தல் வேண்டும் என்பது நகரின் தொடக்க கால விதிகளுள் ஒன்று. நகரில் முதன்முதலாக எழுந்த கட்டடம் வெற்றி அன்னையின் ஆலயமே. பரப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 1980-இல் ஏற்றது.

மாணவர் ஒருவர் நகரவாயிலில் நுழைந்து குடியரசு வீதி வழியே நடப்பாராயின், கால்மணி நேரத்தில் மறுமுனைக் கோட்டையை அடைந்துவிடலாம். எனினும் மூன்று இடங்களில் அவர் நின்று பார்த்தல் வேண்டும் என்போம்.

முதலாவது, புனித அருளப்பர் இணைப் பேராலயம். வெளியே கோட்டைபோல் எளிய சுவர். உள்ளே பொன்னும் வண்ணமும். தரை முழுதும் ஏறக்குறைய நானூறு சபை வீரரின் பளிங்குக் கல்லறைகள். அங்குள்ள செபக்கூடத்தில் ஸ்நாபக அருளப்பர் தலை வெட்டுண்ட காட்சியை 1608-இல் கரவாஜ்ஜோ தீட்டினார். உரோமையில் ஒருவரைக் கொன்று தப்பியோடி வந்தவர் இந்த ஓவியர். புனிதரின் கழுத்தினின்று வடியும் குருதியிலேயே தம் பெயரை எழுதினார்; அவர் கையொப்பமிட்ட ஓவியம் இது ஒன்றே. சபையில் சேரும் இளைஞர் கூடும் இடம் அக்கூடம். உண்மைக்காக உயிர் துறந்தவரின் முகத்தை அவர்கள் நாள்தோறும் நோக்கினர்.

இரண்டாவது, புனித சின்னப்பர் கப்பற்சேத ஆலயம். சின்னப்பரின் மணிக்கட்டு எலும்பின் திருப்பண்டமும், அவர் தலை வெட்டப்பட்ட தூண் எனப் போற்றப்படும் கல்லின் ஒரு பகுதியும் அங்கு வணங்கப்படுகின்றன.

மூன்றாவது, சபையினரின் பழைய மருத்துவமனை. 1574-இல் கட்டத் தொடங்கிய அதன் பெருங்கூடம் 155 மீட்டர் நீளம் உடையது. நோயுற்றோரைத் தம் தலைவர்கள் என்று அழைப்பது சபையினரின் மரபு. உயர்குடியில் பிறந்த வீரர் முறைவைத்து நோயாளருக்கு உணவு பரிமாறினர். வெள்ளித் தட்டுகளில் பரிமாறினர். பிற சமயத்தவரும் அங்கு ஏற்கப்பட்டனர். ஆயினும், இதே நகரில் கடற்போரில் பிடிபட்ட அடிமைகளும் இருந்தனர் என்பதை மறைத்தல் ஆகாது. 1798-இல் நெப்போலியன் தீவைக் கைப்பற்றியபோதே அடிமை முறை ஒழிந்தது. அந்நியனுக்கு வெள்ளித் தட்டில் உணவிட்ட கையே மற்றோர் அந்நியனுக்கு விலங்கு பூட்டிற்று. நகரங்கள் மனிதரைப் போன்றவையே. நன்மையும் தீமையும் ஒரே சுவருக்குள் வாழ்கின்றன.

1800 முதல் ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் மால்ட்டாவின் பெரிய சோதனை இரண்டாம் உலகப் போர். ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் இடைவிடாது குண்டு பொழிந்தன. மக்கள் பாறையில் குடைந்த பதுங்கிடங்களில் வாழ்ந்தனர். 1942 ஏப்ரல் 9-இல் மோஸ்தா ஊரின் ஆலயக் குவிமாடத்தைத் துளைத்துக் குண்டு ஒன்று, திருப்பலிக்காகக் காத்திருந்த முந்நூறு பேரளவினர் நடுவே விழுந்தது, அது வெடிக்கவில்லை. அதே மாதம் 15-ஆம் நாள் ஆங்கில மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவு மக்கள் அனைவருக்கும் வீரச் சிலுவை விருது வழங்கினார். அச்சிலுவை இன்றும் நாட்டுக் கொடியில் விளங்குகிறது. விருது பசியைத் தீர்க்காதன்றோ? ஆகஸ்டில் உணவும் எண்ணெயும் தீரும் நிலை வந்தது. அம்மாதம் புறப்பட்ட பதினான்கு வணிகக் கப்பல்களுள் ஐந்தே கரை சேர்ந்தன. அவற்றுள் இறுதியானது ஓஹையோ என்னும் எண்ணெய்க் கப்பல். உடைந்து மூழ்கும் நிலையில், இருபுறமும் போர்க்கப்பல்கள் தாங்கிவர, அது ஆகஸ்டு 15-ஆம் நாள், மாதாவின் விண்ணேற்பு விழாவன்று துறைமுகம் புகுந்தது. அக்கப்பல் வரிசையைப் புனித மரியாளின் கப்பல்கள் என்றே மக்கள் இன்றும் அழைக்கின்றனர்.

1964 செப்டம்பர் 21-இல் மால்ட்டா விடுதலை பெற்றது, 1974-இல் குடியரசாயிற்று, 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதன் பல்கலைக் கழகம், இயேசு சபையார் 1592-இல் வலெட்டாவில் நிறுவிய கல்லூரியின் வழிவந்தது. மாணவர்க்கு மற்றொரு துணையும் அத்தீவு தந்துள்ளது. புனித ஜார்ஜ் பிரேக்கா என்னும் குரு, எளிய இளைஞருக்கு மறைக்கல்வி புகட்ட 1907-இல் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். செபமாலைக்கு ஒளியின் தேவ இரகசியங்கள் ஐந்தை 1957-இல் எழுதி அதன் உறுப்பினருக்கு அளித்தார். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2002-இல் அத்தகைய இரகசியங்களைத் திருச்சபை முழுமைக்கும் வழங்கினார். வியாழக்கிழமைகளில் நம் இல்லங்களில் அவற்றைச் செபிக்கும்போது அச்சிறு தீவையும் நினைவுகூரலாம். பிரேக்கா 2007-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். திருச்சபையால் முறைப்படி புனிதராக உயர்த்தப்பட்ட முதல் மால்ட்டியர் அவரே.

இவ்வளவும் கூறிய பின், மாணவர் காணப்போகும் இன்றைய மால்ட்டாவையும் கூறுதல் கடன். 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்வோரில் ஐவருக்கு ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர். அவர்களுள் இந்தியர் பெரும் பிரிவினருள் ஒருவர். சிறிய நிலம், நெருக்கமான மக்கள், உயரும் வாடகை. வந்தவரைக் குறித்துத் தீவினரிடையே முணுமுணுப்பும் எழுகிறது. ஆப்பிரிக்கக் கரையினின்று சிறு படகுகளில் தப்பி வருவோரின் நிலை இதனினும் துயரமானது. 2020-இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டித் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, கடலில் மீட்கப்பட்ட நானூறுக்கும் மேற்பட்டோர் கரையேற்றப்படாமல் வாரக்கணக்கில் உல்லாசப் படகுகளில் வைக்கப்பட்டனர். சூன் மாதத்திலேயே அவர்கள் கரை கண்டனர். சின்னப்பரின் கப்பல் உடைந்த அதே கடல்! 2022 ஏப்ரலில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்குச் சென்றபோது, சின்னப்பர் தங்கியதாகப் போற்றப்படும் குகையில் செபித்தார், அகதிகளையும் சந்தித்தார். பண்டை நாளில் தீவினர் காட்டிய அரிய அன்பையே தம் பயணத்தின் கருப்பொருளாகக் கொண்டார். முன்னோர் மூட்டிய தீயைப் பின்வருவோர் அணையவிடலாகாது என்பதன்றோ அதன் பொருள்?

விருந்தோம்பல் ஒருவரின் கடமை மட்டும் அன்று. தீ மூட்டுவது தீவினரின் பங்காயின், சுள்ளி பொறுக்குவது வந்தவரின் பங்கு. ஆகவே, அங்குச் செல்லும் பிள்ளைகளே, அம்மக்களின் மொழியில் ‘போஞ்ஜூ’ என்னும் காலை வணக்கத்தையும் ‘கிராத்ஸி’ என்னும் நன்றிச் சொல்லையும் முதல் நாளிலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஆலயத்தில் அடக்கமாக உடுத்துங்கள். நீர் அரிதான நாடு, அளவறிந்து செலவிடுங்கள். பங்கின் திருவிழாவில் பார்வையாளராக நில்லாமல் ஒரு வேலையை ஏற்றுச் செய்யுங்கள். உங்களுக்குப் பின் படகில் வந்து இறங்கும் ஏழையைக் கண்டால், நாமும் இங்கு அந்நியரே என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிறர் பிள்ளைகள் நம் ஊருக்குப் படிக்கவும் பிழைக்கவும் வருகின்றனர். அயல் மாநிலத்திலிருந்து வந்து நம் தெருவில் கட்டட வேலை செய்யும் இளைஞனும் ஒரு தாயின் மகனே. நம் பிள்ளைக்கு மால்ட்டாவில் எத்தகைய வரவேற்பை வேண்டுகிறோமோ, அத்தகைய வரவேற்பை அவனுக்கு இங்கு அளிப்போம்.