முயலுக்குப் புல்லு சும்மா கிடைக்குதாமே!

ஊர் நிலத்துல முயல் பண்ணை போடணும்னு மைசூர்ல நம்மாளுங்க நாலு பேர் திட்ட அறிக்கையோட வந்தாச்சு. எல்லாத்துலயும் ஒரே வரி: "பசுந்தீவனம் - செலவில்லை". கடன் மனு பார்த்தே முடி நரைச்சவன் சொல்றேன், பண்ணையை மூட வைக்கிறதே அந்த வரிதாங்க.

பால் மறந்த அரைக்கிலோ குட்டி 2 கிலோ ஆகணும். வெறும் பெல்லட் தீவனம்னா கிலோ வளர்ச்சிக்குச் சுமார் 4 கிலோ, ஆக 6 கிலோ. கிலோ 35 ரூபாய்னு வச்சாலே 210 ரூபாய். தாய் முயல் தின்னது தனி.

சரி, புல்லே போடலாமா? அதுல முக்கால்வாசி தண்ணி. 6 கிலோ பெல்லட்டுக்கு ஈடா 24 கிலோ அறுக்கணும். 100 குட்டிக்கு 2,400 கிலோ. வளர்ச்சியும் தாமதம். யாருங்க அறுக்கிறது? நீங்க இங்கே ஏசி ரூம்ல, அங்கே அறுபது வயசு அம்மா குனிஞ்சு அறுக்கணும். அம்மாவுக்குக் கூலி கிடையாதா?

இங்கே மல்பெரி இலை நல்ல புரதம்தான். ஆனா பட்டுப்புழுக்காரருக்கு வித்தா காசாகிற இலையை முயலுக்குப் போட்டா, அந்தக் காசும் செலவுதான். பி.காம் படிச்சவங்களே இதை மறந்துடறாங்க!

பாதி பெல்லட், பாதி வேலிமசால்னு கூலியோட கணக்கு எழுதிட்டு வாங்க. கூண்டுக்கு முன்னாடி வரப்புல விதை போடுங்க.