ஓடையில் கூடாரம் வேண்டாம்

2025 ஆகஸ்ட் 14. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டம், சசோட்டி கிராமம். மச்சயில் மாதா கோவிலுக்குச் செல்லும் பக்தர்கள் வாகனத்தை விட்டு நடக்கத் தொடங்கும் இடம் அது. நண்பகலில் அன்னதானக் கூடத்தில் பசியாறிக்கொண்டிருந்தவர்கள் மீது சேறும் பாறையுமாக மலைவெள்ளம் பாய்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காரணம் மேகவெடிப்பு என்று அறிவிக்கப்பட்டது.

சுமார் 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் அதை மேகவெடிப்பு என்கிறது இந்திய வானிலை ஆய்வுத் துறை. 20 சதுர கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மணி நேரத்தில் இறங்கும் நீர் 200 கோடி லிட்டர். பருவக்காற்று சுமந்துவரும் ஈரம் இமயச் சரிவில் முட்டி வேகமாக மேலேறுகிறது. குளிர்ந்து, பல கிலோமீட்டர் உயரத்துக்குக் கார்முகிலாகத் திரள்கிறது. மேலெழும் காற்று துளிகளை விழவிடாமல் தாங்குகிறது, துளிகள் பருக்கின்றன. காற்று தளர்ந்ததும் அத்தனையும் ஒரே பள்ளத்தாக்கில் கொட்டிவிடுகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். புவி வெப்பமாக ஆக, ஆபத்தும் வளர்கிறது.

ஆனால், பழியை வானத்தின் மீது மட்டும் போட முடியாது. 2022 ஜூலை 8 அன்று அமர்நாத் குகையருகே வெள்ளம் கூடாரங்களை அடித்துச் சென்றது. பதினைந்து பேருக்கு மேல் இறந்தனர். அன்று அங்கே பெய்தது 31 மில்லிமீட்டர் மழைதான், அது மேகவெடிப்பே அல்ல என்று வானிலைத் துறை தெளிவுபடுத்தியது. நீர் வரும் வழியில் மனிதர்களைத் தங்கவைத்தால் சாதாரண மழையே கொல்லும்.

எந்தப் பள்ளத்தாக்கில் மேகம் வெடிக்கும் என்று முதல்நாளே சொல்லும் ஆற்றல் இன்று எவரிடமும் இல்லை. டாப்ளர் ரேடார் தரும் அவகாசம் சில மணி நேரம்தான். மலைகள் அதன் பார்வையையும் மறைக்கின்றன. ஆனால், ஓடை எந்த வழியாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வழியில் அன்னதானக் கூடம், கூடாரம், வாகன நிறுத்தம் எதற்கும் அனுமதி தரக் கூடாது. ஓடைகளின் மேற்பகுதியில் தானியங்கி மழைமானிகளும் அபாயச் சங்குகளும் வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் யாத்திரையை நிறுத்தத் தயங்கக் கூடாது.

தமிழகத்திலிருந்தும் ஆண்டுதோறும் பலர் இமயத் தலங்களுக்குச் செல்கிறார்கள். அடுத்த பருவமழைக்குள் அரசுகள் இந்த ஏற்பாடுகளைச் செய்து முடிக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் உயிர்களைப் பணயம் வைக்கும் ஆண்டு.