புரோட்டான் யாருக்கு?

உணவுக்குழல், இதயத்தையும் நுரையீரலையும் ஒட்டிச் செல்வது. அங்கே புற்று வந்தால், எக்ஸ்-கதிர் நோயைச் சுட்டு அப்பாலும் பாயும். புரோட்டானோ குறித்த ஆழத்தில் ஆற்றலைக் கொட்டி அடங்கும். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2020-இல் வெளியிட்ட ஆய்வில், புரோட்டான் பெற்றவர்க்குப் பக்கவிளைவுத் துன்பம் குறைந்தது; ஆயுள் நீளவில்லை.

ஆகவே, நிலத்தை விற்றுச் சென்னைத் தரமணிக்கு ஓடுங்கள் என்று ஏழைக்கு நான் சொல்லேன். விழுங்கும்போது சோறு அடைத்தால், நாள் கடத்தாமல் ஐதராபாத் எம்.என்.ஜே. அரசு மருத்துவமனைக்கு வாருங்கள் என்பேன்.

ஆனால், துன்பம் குறைவது செல்வர்க்கு மட்டும் உரியதோ? அணுசக்தித் துறையின் கீழுள்ள டாட்டா நினைவு மையம் 2023-இல் கார்கரில் புரோட்டான் சிகிச்சையைத் தொடங்கியதே! பொதுப்பணத்தால் அங்கே முடிந்தது இங்கும் முடியும். கேட்போம், வாரீர்!