செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பும் சித்தப்பாவோட கரண்டு வண்டியும்

"வாங்குற சம்பளத்துக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பா? அசிங்கமா இல்ல உனக்கு?"

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு நண்பர் நாலு பேர் முன்னாடி கேட்டது இது. கேட்டவர் சும்மா ஆள் இல்லை. சுற்றுச்சூழல் பத்தி அக்கறையா பேசுறவர். அந்த அக்கறையில, நல்லா ஓடிக்கிட்டிருந்த பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டுட்டு ஒண்ணரை லட்சத்துக்கு மேல போட்டு மின்ஸ்கூட்டர் வாங்கினவர். அவர் வீட்டுக்கும் ஆபீசுக்கும் மூணு கிலோமீட்டர்தான். அதே மாசம் லேப்டாப்பும் புதுசு. கேட்டா "பேட்டரி எஃபிஷியன்சி ஜாஸ்தி மச்சி, கரண்ட் மிச்சம்".

அங்கே சண்டை போட நேரம் இல்லை, டீ ஆறிடும். அதனால இங்கே வந்து கொட்டுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல லேப்டாப். ஒரு லேப்டாப் தன் ஆயுசுல உண்டாக்குற கார்பன்ல பெரும்பங்கு நீங்க அதை ஆன் பண்றதுக்கு முன்னாடியே உண்டாகிடுது. சிப், திரை, போர்டு இதெல்லாம் செய்யறதுலயே போயிடுது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தாங்களே வெளியிடுற கார்பன் அறிக்கையைத் தேடிப் படிச்சுப் பாருங்க. ஆக, கரண்ட் மிச்சம்னு புது லேப்டாப் வாங்குறது, அரிசி மிச்சம் பிடிக்கிறேன்னு புது வீடு கட்டுற மாதிரி. ஏற்கெனவே செஞ்ச லேப்டாப்பை இன்னும் நாலு வருஷம் ஓட்டுறதுதான் பெரிய மிச்சம்.

வண்டிக்குக் கணக்கு வேற. பெட்ரோல் வண்டியில பெரும்பகுதி கேடு ஓட்டும்போதுதான். அதனால தினமும் நிறைய ஓட்டுறவங்க மின்வண்டிக்கு மாறுறது நியாயம். நம்ம நாட்டு மின்சாரத்துல பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான், இருந்தாலும் நியாயம். கூரத்துல இருந்து காஞ்சிபுரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். தினம் போய் வர்றவனுக்கு பெட்ரோல்ல கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபாய்க்கு மேல ஆகுது. சென்னையில பெட்ரோல் 2021 ஜூலையிலயே நூறைத் தாண்டிடுச்சு. மின்வண்டியில அதே தூரத்துக்குச் சில்லறைக் காசுதான். மூணு கிலோமீட்டர் போறவருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு சைக்கிளே போதும், சொன்னா கோவிச்சுக்குவார்.

சரி, மேட்டருக்கு வர்றேன். புதுசா பழசா, பெட்ரோலா கரண்டாங்கிறது என் சண்டை இல்லை. கெட்டுப்போனா நம்ம ஊர்ல ஒருத்தர் அதைத் திறந்து சரி பண்ண முடியுமா? முடியாதுன்னா அது மேல எத்தனை பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டினாலும் அது குப்பைதான், என்ன கொஞ்சம் லேட்டா குப்பையாகும்.

எங்க தெருவுல ஒரு தறிக்காரர் வீடு. பட்டு நெய்யறவங்க. அந்த வீட்டுப் பொண்ணு காலேஜ் ரெண்டாம் வருஷம். அவ அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசு குடுத்த லேப்டாப் ஒண்ணு அலமாரியில கிடந்தது. 2011-ல ஆரம்பிச்ச திட்டம் அது, பல லட்சம் வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரே அதுதான். ஆன் பண்ணா பத்து நிமிஷம் சுத்திட்டு நீலத் திரை காட்டும். ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போயிருக்காங்க. திறந்துகூடப் பார்க்காம "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவரும் புதுசுக்குக் கடன் கேட்டு அலைஞ்சுக்கிட்டிருந்தார்.

ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரச் சொன்னேன். போர்டுக்கு ஒண்ணுமே இல்லை, ஹார்ட் டிஸ்க் சாகுற நிலைமை. அதைக் கழட்டிட்டு ஒரு எஸ்எஸ்டி, கூட ஒரு 4 ஜிபி ராம், ஃபேன்ல அடைஞ்சிருந்த பஞ்சையும் தூசியையும் எடுத்துட்டுப் புது தெர்மல் பேஸ்ட், லினக்ஸ் மின்ட். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம். இப்போ அதுலதான் அவ அசைன்மென்ட் எல்லாம் அடிக்கிறா.

நான் கழட்டும்போது அவங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் என் லேப்டாப்பையும், என் தம்பியோட புது மாடலையும் பார்த்துட்டு ஒண்ணு கேட்டார். "இதுல மட்டும் ஸ்க்ரூ ஏன் தம்பி நட்சத்திரம் மாதிரி இருக்குது? நம்மகிட்ட இருக்கிற திருப்புளி சேராதே." தறியில எந்தப் பாகம் போனாலும் காஞ்சிபுரத்துல அதைச் செய்யற ஆள் உண்டு, தானே கழட்டி மாட்டிக்குவார். அவருக்கு அந்த நட்சத்திர ஸ்க்ரூ நிஜமாவே புரியலை. நான் ஏதோ மழுப்பினேன்.

ஏன் மழுப்பினேன்னா, பதில் எனக்குத் தெரியும். நானே செஞ்சிருக்கேன்.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், கையில பிடிக்கிற ஒரு பில்லிங் மெஷினுக்கு ஃபர்ம்வேர் எழுதுற டீம்ல இருந்தேன். அதுக்கு ஒரு வேலை வந்தது. மெஷின்ல மாட்டுற பேட்டரி, கம்பெனி பேட்டரிதானான்னு அடையாளம் கேட்கணும். இல்லைன்னா சார்ஜ் ஏறக் கூடாது. பாதுகாப்புக்காகன்னு சொன்னாங்க. கொஞ்சம் உண்மையும் இருக்கு, மட்டமான பேட்டரி வெடிக்கும். ஆனா வோல்டேஜையும் சூட்டையும் பார்க்க அதுல ஏற்கெனவே சென்சார் இருந்தது. அடையாள எண் எதுக்கு? அப்போ கேட்கத் தோணலை. எழுதினேன், டெஸ்ட் பாஸ் ஆச்சு, பாராட்டி மெயில் வேற வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் பேட்டரி தயாரிப்பை நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எத்தனை கடைகள்ல அந்த மெஷின் மேசை டிராயருக்குள்ள செத்துக் கிடக்குதோ.

இதைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். அதனால உங்ககிட்ட நேராவே சொல்றேன்: பூட்டைப் போடுறது எங்கேயோ இருக்கிற முதலாளி மட்டும் இல்லை. நாமதான் எழுதுறோம், நாமதான் டெஸ்ட் பண்றோம். அப்புறம் கேண்டீன்ல உட்கார்ந்து பூமி சூடாகுதுன்னு கவலைப்படுறோம்.

விண்டோஸ் 10 கதையை எடுத்துக்குங்க. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட அதுக்கு வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11 வேணும்னா டிபிஎம் 2.0 இருக்கணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். 2017-ல கடையில புதுசா வித்த ஏழாம் தலைமுறை லேப்டாப் பெரும்பாலும் அவுட். ஒரு ஸ்க்ரூகூட லூஸ் ஆகலை, கீபோர்டு நல்லா இருக்கு, திரை நல்லா இருக்கு, ஒரு பட்டியல்ல பேர் இல்லைங்கிறதுக்காக அது பழசாயிடுச்சு. அந்த மாதிரி மெஷின் வச்சிருக்கிறவங்க தூக்கிப் போடாதீங்க. லினக்ஸ் போடுங்க. டாலி, போட்டோஷாப் இல்லாம முடியாதுன்னா அது வேற விஷயம், ஒத்துக்கிறேன். பிரவுசரும் லெட்டர் அடிக்கிறதும் மட்டும்தான்னா தாராளமா ஓடும்.

நான் வாங்கினது திங்க்பேட் டி480, ரிச்சி தெருவுல, 18,500 ரூபாய். ஏதோ ஆபீஸ் மூணு வருஷ லீஸ் முடிஞ்சு தள்ளிவிட்டது. வெளியே இருக்கிற பேட்டரியை தாழ்ப்பாளைத் தள்ளினா கையிலயே கழட்டிடலாம், ராமுக்கு ரெண்டு ஸ்லாட், சாதாரண ஸ்டார் திருப்புளியே போதும். பழசு வாங்கப் போறவங்க பார்க்க வேண்டியது: ராம் போர்டுல பத்த வச்சிருக்கா, பயாஸ்ல பழைய கம்பெனி பாஸ்வேர்டு விட்டிருக்கா, பேட்டரி உப்பியிருக்கா (டச்பேட் மேலே தூக்கியிருந்தா வாங்காதீங்க), கீல் ஆடுதா. பில் கேளுங்க. பில் தராத கடையில வாங்காதீங்க, திருட்டுப் பொருளா இருந்தா போலீஸ் ஸ்டேஷன்ல நீங்கதான் நிக்கணும்.

பழசு எல்லாமே நல்லதுன்னு சொல்ல வரலை. பழைய மின்ஸ்கூட்டர்ல ரொம்ப ஜாக்கிரதை வேணும். 2022 மார்ச்ல வேலூர்ல சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடிச்சு ஒரு அப்பாவும் மகளும் செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் ஏஐஎஸ் 156 பேட்டரி விதியை 2022 டிசம்பர்லயும் 2023 மார்ச் கடைசியிலயும் ரெண்டு கட்டமா இறுக்கினாங்க. அதுக்கு முந்தின வண்டி சல்லிசா வருதுன்னு லித்தியம் பேட்டரியோட அப்படியே வாங்கி, ராத்திரி வீட்டு வாசப்படியில சார்ஜ் போடாதீங்க. நம்ம வீட்டுக் குழந்தைங்க தூங்குற இடம் அது.

சித்தப்பா வச்சிருக்கிறது மெதுவான வண்டி. 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம், லைசென்சும் வேணாம், நம்பர் பிளேட்டும் வேணாம்னு வித்தாங்களே அது. வித்த கடை மூடி மூணு வருஷம் ஆச்சு. போன தீபாவளிக்கு கன்ட்ரோலர் போயிடுச்சு. காஞ்சிபுரத்துல ஆட்டோவுக்கு வயரிங் பண்ற ஒரு அண்ணன்கிட்ட தள்ளிக்கிட்டுப் போனோம். அவர் திறந்து பார்த்துட்டு, "இது எல்லா வண்டிக்கும் வர்ற சாமான்தான், நாளைக்கு வாங்க"ன்னார். வோல்டேஜ் பொருந்துற வேற கன்ட்ரோலர் ஒண்ணைப் போட்டு, த்ராட்டில் வயரை மட்டும் மாத்திக் குடுத்தார். அந்த வண்டிக்கு ஆப் கிடையாது, ப்ளூடூத் கிடையாது, அழகு சுத்தமா கிடையாது. ஆனா ஓடுது.

இந்த ஆளுங்களுக்குச் சட்டத்துல ஒரு இடம் வேணும்னு கேட்கிறேன். ஒன்றிய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு 2022-ல ஒரு குழு போட்டது, அந்த டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொடங்கிச்சு. மொபைல், எலக்ட்ரானிக் பொருளுக்கு ரிப்பேர் மதிப்பெண் போடுறது பத்தி 2025 மே மாசம் ஒரு அறிக்கையும் வந்தது. பிரான்ஸ்ல 2021 ஜனவரி முதலே லேப்டாப் விக்கிற கடையில பத்துக்கு இத்தனைன்னு மதிப்பெண் ஒட்டணும். நம்ம ஊர்ல மின்சாதனத்துக்கு அட்டையில நட்சத்திரம் ஒட்டத் தெரிஞ்சவங்களுக்கு இதை ஒட்டத் தெரியாதா? இணையதளத்துல கஸ்டமர் கேர் நம்பர் போடுறதுக்குப் பேர் உரிமை இல்லை. உதிரி பாகத்தையும் சர்க்யூட் படத்தையும் அந்த வயரிங் அண்ணனுக்கு நியாயமான விலையில விக்கணும். அடையாளம் கேட்டுப் பூட்டுற ஃபர்ம்வேரைத் தடுக்கணும். ஆமா, நான் எழுதின மாதிரியானதைத்தான்.

எங்க ஊர் பேர்ல ஒரு செப்பேடு இருக்கு, தெரியுமா? கூரம் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டு, முதலாம் பரமேஸ்வரவர்மன் குடுத்தது. ஹுல்ஷ் 1890-ல தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில பதிப்பிச்சார். ஒரு கிராமத்தை 25 பங்கா பிரிச்சுக் குடுக்கிறான் ராஜா. மண்டபத்துக்குத் தண்ணிக்கும் நெருப்புக்கும் பங்கு, பாரதம் வாசிக்கப் பங்கு. கூரத்துச் சிவன் கோயில் பூஜையோட சேர்த்து அதோட பழுதுபார்ப்பையும் கவனிக்கிறவங்களுக்குப் பங்கு. சின்ன வயசுல அந்தக் கோயில் பக்கம் விளையாடியிருக்கேன், இது மட்டும் தெரியாது. கோயிலைக் கட்டினவன், இது ஒருநாள் பழுதாகும், அப்போ பார்க்க ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்குச் சோறு வேணும்னு தகட்டுலயே வெட்டி வச்சிருக்கான். நம்ம ப்ராடக்ட் ரோட்மேப்ல அந்த வரியை ஒருத்தர் காட்டுங்க பார்ப்போம்.

பி.கு: உங்க ஊர்ல கழட்டிப் பார்த்து நேர்மையா சரி பண்ற கடை இருந்தா எந்தத் தெருன்னு மட்டும் பின்னூட்டத்துல சொல்லுங்க, தனி ஆளுங்க நம்பர் எல்லாம் வேணாம். திட்டுறவங்களும் தாராளமா வரலாம். கேண்டீன் நண்பர் நிச்சயம் வருவார்னு எதிர்பார்க்கிறேன், அவருக்கு இப்போ நேரம் நிறைய இருக்கு. போன மாசம் ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கு அப்புறம் வண்டியோட டிஸ்ப்ளே அணைஞ்சு போய், இருபத்தி ரெண்டு நாளா ஷோரூம்ல நிக்குது. ஆபீசுக்கு என் பின்னாடி உட்கார்ந்துதான் வர்றார்.