உறையின்மேல் எழுதியதை நம்பிய கதை

செய்நிரல் எழுதுதல் ஒரு காலத்திற் சிலருக்கே கைவந்த வித்தையாக இருந்தது. அவ்வித்தையைக் கல்லாதவரும் கணினியிடம் வேலை வாங்கலாம் என்னும் நிலையை உண்டாக்கியவை 'லோ-கோட்' எனப்படும் கருவிகளாம். திரையிலே சில பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி ஒரு கோடு. முதற் பெட்டி ஒருவர் அனுப்பும் விண்ணப்பத்தை வாங்கும். அடுத்தது அவர் பெயரை அட்டவணையிற் பதியும். மூன்றாவது நன்றி மடல் அனுப்பும். கோடு கிழிக்கத் தெரிந்த எவரும் ஒரு கந்தோர் எழுதுவினைஞரின் நாளாந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாம். மாணவரும், சிறு வியாபாரிகளும், சங்கங்களை நடத்துவோரும் இவற்றை விரும்பியதில் வியப்பில்லை.

இக்கருவிகளுள் ஒன்று 'என்-எய்ட்-என்'. ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஜான் ஓபர்ஹவுசர் என்பவர் 2019ஆம் ஆண்டிலே தொடங்கியது. திரைப்படங்களுக்கு விந்தைக் காட்சிகள் அமைக்கும் துறையில் முன்னர்ப் பணிபுரிந்தவர் அவர். 'நோட்மேஷன்' என்று பெயர் சூட்டி, அப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலிலும் ஈற்றிலும் நிற்கும் 'என்' எழுத்துக்களுக்கிடையே எட்டு எழுத்துக்கள் வருவதால், அவ்வெட்டையும் எண்ணாகச் சுருக்கிவிட்டார். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை என்பதற்காகவே இதனை இங்கே சொன்னோம்.

இக்கருவிக்குத் தனிச் சிறப்பொன்று உண்டு. வேண்டுமாயின் இதனை நமது சொந்தக் கணினியிலேயே நிறுவி நடத்தலாம். நமது தரவுகள் பிறர் வீட்டுக்குப் போகவேண்டியதில்லை. தம் பொருளைத் தாமே காக்க விரும்பிய பலர் இதனைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆயின் சொந்த வீட்டில் இருப்பவர் கூரையையும் தாமே மேய வேண்டுமல்லவா? அதனைப் பின்னர் காண்போம்.

இனி 'வெப்ஹூக்' என்பது யாது? 2007ஆம் ஆண்டளவில் ஜெஃப் லின்ட்ஸே என்பவர் வழக்கிற் கொணர்ந்த சொல் இது. நாம் வங்கிக்குச் சென்று "பணம் வந்ததா, வந்ததா" என்று நாள்தோறும் கேட்பது ஒரு முறை. பணம் வந்தவுடன் வங்கியே நமது வீட்டு விலாசத்துக்குச் செய்தி அனுப்புவது மற்றொரு முறை. இரண்டாவதே வெப்ஹூக். இணையத்தில் நமக்கென ஒரு விலாசத்தைத் திறந்து வைக்கிறோம். அவ்விலாசத்துக்கு மடல் வந்து விழுந்த கணமே, பெட்டிகளும் கோடுகளுமாக நாம் அமைத்த வேலை ஓடத் தொடங்கும். மடல் வரவேண்டுமாயின் வாயில் திறந்திருக்க வேண்டும். திறந்த வாயிலுக்குள் யாரும் எதையும் போடலாம் என்பதே இம்முறையோடு கூடப் பிறந்த சங்கடம்.

வரும் மடல் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை உண்டு. உறையின்மேல் 'கன்டென்ட்-டைப்', அதாவது 'உள்ளடக்க வகை', என்றொரு குறிப்பு இருக்கும். உள்ளே இருப்பது எழுத்தா, படமா, கோப்பா என்று சொல்லுவது அது. மின்னஞ்சலிற் படமும் ஒலியும் அனுப்புவதற்காக நதானியேல் போரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் இருவர் 1992இல் வெளியிட்ட விதிகளிலே இது இடம்பெற்றது. இணையப் படிவங்களின் வழியே கோப்பு அனுப்பும் முறையை 1995இல் சீராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் வகுத்தனர். அதற்கு அவர்கள் குறித்த வகை 'பல பகுதிப் படிவம்' என்பது. இன்று வேலைக்கு விண்ணப்பிப்பவர் தமது நற்சான்றிதழின் பிரதியைப் படிவத்தோடு இணைக்கும்போதும் இக்குறிப்பே உறையின்மேல் எழுதப்படுகின்றது. எழுதுபவர் யார்? அனுப்புபவர்தாம். இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கதை முழுவதும் இதிலேதான் தொங்குகின்றது.

சையெரா என்னும் தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் என்-எய்ட்-என் கருவியில் ஒரு குறையைக் கண்டனர். அதற்கு இடப்பட்ட பதிவெண் சி.வி.ஈ.-2026-21858. இத்தகைய குறைகளின் கடுமையைப் பத்துப் புள்ளிகளுக்குள் அளந்து சொல்வது வழக்கம். இதற்குப் பத்துக்குப் பத்தும் கிடைத்தன. வகுப்பறையிற் கிடைத்திருந்தால் பெற்றோர் மகிழ்ந்திருப்பர்.

குறையை விளக்குவதற்கு ஒரு தபாற்கந்தோரைக் கற்பனை செய்வோம். அங்கே மூவர் வேலை செய்கின்றனர். உறையின்மேல் 'பல பகுதி' என்று எழுதியிருந்தால் மடல் முதலாமவரிடம் போகும். அவர் பொதியை அவிழ்த்து, உள்ளிருக்கும் கோப்பைத் தாமே தெரிந்தெடுத்த ஓர் இறாக்கையில் வைப்பார். வைத்தபின், "கோப்பு இன்ன இறாக்கையில் உள்ளது" என்று ஒரு துண்டு எழுதி மேசைமேல் வைப்பார். அத்துண்டில் வெளியார் கைபடுவதற்கு வழியில்லை. உறையின்மேல் வேறு வகை எழுதியிருந்தால் மடல் இரண்டாமவரிடம் போகும். அவர் பொதி அவிழ்ப்பதில்லை. மடலில் எழுதியிருப்பதை உள்ளபடியே எடுத்து அதே மேசைமேல் பரப்பி வைப்பார். மூன்றாமவர் உள்ளறையில் இருப்பவர். மேசைமேல் 'கோப்புகள்' என்ற தலைப்போடு துண்டு கண்டால், அதிற் குறித்த இறாக்கைக்குச் சென்று, அங்குள்ளதைப் பிரதியெடுத்து மேல்வேலைக்கு அனுப்புவது அவர் கடமை. அத்துண்டை எழுதியவர் முதலாமவர்தானா என்று அவர் கேட்பதில்லை.

குறை இவ்வளவே. ஒருவன் உறையின்மேல் 'பல பகுதி' என்று எழுதாமல், 'ஜேசன்' என்னும் சாதாரண எழுத்து வகையென்று எழுதினான். மடல் இரண்டாமவரிடம் போயிற்று. மடலின் உள்ளே அவன் எழுதி வைத்தது, முதலாமவர் எழுதுவது போன்ற ஒரு துண்டு: "கோப்பு இரும்புப்பெட்டியின் இரண்டாம் தட்டில் உள்ளது." மூன்றாமவர் இரும்புப்பெட்டியைத் திறந்தார், பிரதியெடுத்தார், மேல்வேலைக்கு அனுப்பினார். வந்தவன் எந்தக் கோப்பையும் அனுப்பவில்லை. அந்த வீட்டுக் கோப்பின் விலாசத்தை மட்டுமே அனுப்பினான்.

உவமையை விட்டுவிட்டுச் சொல்வோம். கோப்பு ஏற்கும் படிவத்தைக் கையாளும் பகுதி, வந்த மடல் உண்மையிலே பல பகுதி வகையைச் சேர்ந்ததுதானா என்று சோதியாமல், கோப்பின் இடத்தைக் குறிக்கும் பாதையை அப்படியே நம்பியது. அதனால் சேவையகத்திலுள்ள எந்தக் கோப்பையும் வேலையோட்டத்துக்குள் இழுத்துவிட முடிந்தது. எடுத்த பிரதி திருடனின் கைக்கு எவ்வாறு போகும் என்பது அந்தந்த வேலையோட்டத்தின் அமைப்பைப் பொறுத்தது. பதிவேற்றிய ஆவணங்களைப் படித்துக் கேள்விகளுக்கு விடை கூறும் 'உதவியாளர்' ஒன்றை அமைத்திருப்பவர் பலர். அங்கே திருடனுக்குச் சிரமமே இல்லை, "நான் அனுப்பிய ஆவணத்தில் என்ன இருக்கின்றது?" என்று பணிவாகக் கேட்டால் உதவியாளரே வாசித்துக் காட்டும்.

அடுத்து நிகழக்கூடியதை ஆய்வாளர்கள் தாமே செய்து காட்டினர். இக்கருவி தன் பயனாளரின் விவரங்களை ஒரு தரவுத்தளக் கோப்பில் வைத்திருக்கின்றது. மறைகுறியாக்கத்துக்கான இரகசியத் திறப்பை மற்றொரு கோப்பில் வைத்திருக்கின்றது. இரண்டையும் மேற்சொன்ன வழியாற் பெற்றுவிட்டால், வீட்டு எசமானரின் பெயரில் ஓர் அடையாளச் சீட்டைத் தாமே செய்துகொள்ளலாம். கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. எசமானராக உள்ளே நுழைந்தவர், கணினிக்கு நேரடியாகக் கட்டளையிடும் பெட்டி ஒன்றை வேலையோட்டத்திற் சேர்த்துவிட்டால், அக்கணினி அவருடையதாகிவிடுகின்றது.

கணினி ஒன்று போவதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. இக்கருவியின் தொழிலே பிற சேவைகளைத் தொடுப்பது. மின்னஞ்சல், வாடிக்கையாளர் அட்டவணை, பணம் செலுத்தும் சேவை, செயற்கை நுண்ணறிவுச் சேவை என்று ஒவ்வொன்றின் திறப்பையும் அதனிடம் நாமே கொடுத்து வைக்கிறோம். ஊரிலுள்ள வீடுகள் அனைத்தின் திறப்புக் கோர்வையும் தொங்குகின்ற காவற்காரன் குடிலைப் போன்றது அது. குடிலின் யன்னலைக் கெட்டியாக அடைத்தாரா என்பதே கேள்வி.

இவ்வகைத் தவறு புதியதன்று. 1988இல் நோர்மன் ஹார்டி என்ற அமெரிக்கர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தொலைபேசிக் கம்பிவழியே கணினி நேரத்தை வாடகைக்கு விட்டுவந்த டைம்ஷேர் என்ற நிறுவனத்தில் முன்னர் நிகழ்ந்ததை அவர் அதிலே விவரித்தார். அங்கே செய்நிரல்களை மொழிபெயர்க்கும் ஒரு கருவிக்கு, தன் புள்ளிவிவரங்களை எழுதி வைப்பதற்காக, பொதுவில் எவரும் தொடக்கூடாத ஓர் அடைவில் எழுதும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. பயனாளர் தமக்கு வேண்டிய குறிப்புகளை எந்தக் கோப்பில் எழுதவேண்டும் என்று அக்கருவிக்குச் சொல்லலாம். ஒருவர், அதே அடைவிலிருந்த கட்டணக் கணக்குக் கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டார். கருவியும் தனக்குத் தரப்பட்ட உரிமையைக் கொண்டு அதன்மேல் எழுதிவிட்டது, கணக்குகள் அழிந்தன. கட்டளை வெளியாருடையது, அதிகாரம் கருவியுடையது: இதனை 'குழம்பிய பிரதிநிதி' என்று ஹார்டி அழைத்தார். அங்கே எழுதியது, இங்கே வாசித்தது என்பதன்றி இரண்டு கதைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கணினித்துறை பழைய பாடத்தைப் புதிய வகுப்பில் மறுபடி எழுதுவதிற் சலிப்படைவதே இல்லை போலும்.

வெப்ஹூக் பற்றிச் சிறிது படித்த மாணவ நேயர்கள் ஒரு வினா எழுப்பலாம்: "மடலுக்குக் கையொப்பம் வைக்கும் முறை இருக்கின்றதே, அது காக்காதா?" நல்ல வினாவே. பெல்லாரே, கனெட்டி, கிராவ்சிக் என்னும் மூவர் 1996இல் வகுத்த 'எச்-மாக்' முறைப்படி, அனுப்புபவரும் பெறுபவரும் மாத்திரம் அறிந்த இரகசியச் சொல்லைக் கொண்டு மடலுக்கு ஒரு முத்திரை கணிக்கப்படும். மடலில் ஓரெழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. பணம் செலுத்தும் சேவைகளிடமிருந்து வரும் செய்திகளுக்கு இது இன்றியமையாதது; இதனைச் சோதியாமல் "பணம் வந்தது" என்ற செய்தியை ஏற்பவர் பொருளையும் இழப்பார். ஆனால் நாம் பேசுவது பொதுமக்கள் நிரப்பும் படிவத்தைப் பற்றி. அங்கே வருபவர் யாவரும் முன்பின் அறியாதவர். அவர்களுக்கு இரகசியச் சொல் கொடுத்து வைப்பது எங்ஙனம்? யார் அனுப்பினார் என்று கேட்க முடியாத இடத்தில், அனுப்பியது என்ன என்பதையே உள்ளே இருப்பவர் தாமாகப் பார்த்துத் தெளிய வேண்டும்.

குறையைத் தீர்த்த 1.121.0 என்னும் பதிப்பு 2025 நவம்பர் 18ஆம் நாள் வெளிவந்தது. குறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது 2026 ஜனவரி 7ஆம் நாள். இடையே ஐம்பது நாட்கள். புதிய பதிப்பை மாற்றிக்கொள்ள மக்களுக்கு அவகாசம் தந்து, அதன்பின் குறையைச் சொல்வது இத்துறையின் மரபு. அம்மரபை நாம் குறை கூறமாட்டோம். ஆயினும், ஏன் மாற்றவேண்டும் என்று சொல்லாமல் வந்த பதிப்பை எத்தனை பேர் மாற்றியிருப்பர்? அறிவிப்பு வெளியான வேளையில் உலகெங்கும் ஏறத்தாழ 100,000 சேவையகங்கள் ஆபத்திற்கு உள்ளாகக்கூடியவை எனக் கண்டுபிடித்தோர் மதிப்பிட்டனர். சொந்த வீட்டின் கூரை என்று முன்னர்ச் சொன்னது இதுதான். 'செய்நிரல் அறியாதவருக்கான கருவி' என்று விற்பவர், பதிப்பெண்ணைக் கவனிப்பதும் வாயிலைக் காப்பதும் செய்நிரலாளருக்குரிய கடமைகளாகவே இருந்து, இப்போது அறியாதவர் தலையிற் சுமத்தப்பட்டுள்ளன என்பதையும் விளம்பரத்தின் ஓர் ஓரத்தில் அச்சிட்டால் நன்று.

இக்கருவியைச் சொந்தமாக நிறுவி வைத்திருக்கும் நேயர்கள் பதிப்பெண்ணைப் பார்க்கட்டும். 1.121.0க்கு முந்தியதாயின் உடனே மாற்றுதல் வேண்டும்; அதன் பின்னர் வேறு குறைகளும் தீர்க்கப்பட்டிருத்தலின், கிடைக்கும் பதிப்புகளுள் மிகப் புதியதற்கே செல்லுதல் உத்தமம். மாற்றும்வரை, வெளியார் தொடக்கூடிய வெப்ஹூக், படிவம் ஆகியவற்றை மூடி வைக்கலாம். பழைய பதிப்போடு நெடுநாள் இணையத்தில் திறந்திருந்த கணினியாயின் அது மட்டும் போதாது. அதனிடம் கொடுத்து வைத்த திறப்புகள் ஒவ்வொன்றையும், அவற்றை வழங்கிய சேவைகளுக்கே சென்று, பழையதை இரத்துச் செய்து புதியது பெற வேண்டும். சலிப்பான வேலைதான், ஒரு மாலை முழுவதும் பிடிக்கும். பணத்தோடு தொடர்புடையவற்றை முதலிலும், மின்னஞ்சலை அதற்கு அடுத்தும் மாற்றுக. ஏனையவற்றை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.